லேசான ஃபிளைவீல்

இரண்டு மணி நேரத்தில் பதினோரு தடவை கார் மேட்டில் நின்றுபோனது. உஷாராணி நேராகக் கணவன் யுகேந்திரனின் கிள்ளான் பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"என்னைக் கேக்காம ஏன் எஞ்சினோட ஃபிளைவீல் சக்கரத்தை மாத்தினீங்க?"

"பழசு கனம் லா. இது லேசு. மிதிச்ச உடனே எஞ்சின் சீறும்."

"சீறி எங்க போறது, செப்பாங் ரேசுக்கா? மேட்டுல நகரவே மாட்டேங்குது. பின்னாடி லோரிக்காரன் ஹாரன் அடிச்சே கொல்றான்! காலைக்குள்ள பழசையே மாட்டுங்க."

"கனம் குறைஞ்சா எஞ்சின் சட்டுனு நிக்கத்தான் செய்யும். ஓட்டுறவங்க கிளட்சைப் பக்குவமா விடணும்."

"எனக்கு விடத் தெரியும்."

"அப்புறம் என்ன?"

உஷாராணி பல்லைக் கடித்தாள்.

"நாளைக்கு டெஸ்ட் போற எட்டுப் பேருக்கும் அது தெரிஞ்சிருந்தா, நான் எதுக்குங்க டிரைவிங் ஸ்கூல் நடத்துறேன்?"