இடது காதுக்குப் பின்னால்

பயிற்சிக்கூடத்துப் பொம்மை நோயாளிக்கு முனகத் தெரியும். எங்கே அமுக்கினாலும் ஒரே முனகல்தான். இதயத் துடிப்பைக் கேட்கவிடாமல் அது படுத்தும்போதெல்லாம், பெனிட்டாவும் அவளோடு மருத்துவம் படிப்பவர்களும் அதன் இடது காதுக்குப் பின்னால் இருக்கும் பொத்தானை அழுத்தி வாயை அடைத்துவிடுவார்கள். சிரிப்பாகக்கூட இருக்கும். வார்டுக்குப் போன முதல் நாள், மூலைக் கட்டிலில் சுடலைவடிவு என்ற பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் முனகிக்கொண்டிருந்தாள். பெனிட்டா அவள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். முனகலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. எரிச்சலாக வந்தது. அவளுடைய இடது கை தன் பாட்டுக்குப் போய் அந்தப் பெண்ணின் காதுக்குப் பின்னால் துழாவியது. வியர்வையில் நனைந்த முடியும் அதற்கடியில் சூடான தோலும்தான் விரலில் பட்டன. முனகல் நின்றது. சுடலைவடிவு கண்ணைத் திறந்தாள். "வந்ததுலேர்ந்து எல்லாரும் நாடியத்தாம் புடிச்சுப் பாக்காவ. தலையத் தடவுனது நீ ஒருத்திதாம் தாயி," என்று சொல்லி, அந்தக் கைக்குள் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள். பெனிட்டா தலையைக் குனிந்துகொண்டாள். பொத்தானைத் தேடிப் போன விரலை எடுக்கத் துணிவில்லை. சத்தம் அடங்கிவிட்டதால், அந்தப் பெண்ணின் இதயம் இப்போது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.