எழுபதாவது பெயர்

"பிள்ளையை இன்னும் எடுக்கவே இல்லை. அதுக்குள்ளை கமராவையும் தூக்கிக்கொண்டு வந்திட்டார், பார்!"

குசினிக்குள் நின்று பல்லைக் கடித்தார் அருமைநாதன்.

"மெல்லக் கதையுங்கோ. அவருக்குக் கேக்கப் போகுது" என்றாள் மனைவி றோஸ்மேரி. கையில் செபமாலை.

முன் அறையில் சோபாவின் நடுவில் வசதியாக இருந்தவர் பேரின்பநாதன், தமிழர் விளையாட்டுக் கழகத் தலைவர். மொன்றியலில் எந்த விழாப் படத்தை எடுத்தாலும் அதில் அவர் பல்லுத் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பார். இன்றைக்குப் புவாண்ட்-கிளேரிலிருந்து இந்தப் பனிக்குள் கார் ஓட்டி வந்திருக்கிறார். மடியில் கமரா. காலடியில் இருந்த பைக்குள் பொன்னாடையின் சரிகை எட்டிப் பார்த்தது.

"எட்டாஞ் சுற்றும் முடிஞ்சுது. அக்கான்ரை பேர் இல்லை" என்றான் கொம்பியூட்டர் முன்னால் இருந்த மகன் றொக்சன்.

அமெரிக்காவில் பெண்களுக்கென்று தொடங்கும் தொழில்முறைக் கால்பந்து லீக். ஏழு கழகங்கள், பத்துச் சுற்றுகள். பெயர் கொடுத்திருந்த வீராங்கனைகளிலிருந்து, சுற்றுக்கு ஒருவராக ஒவ்வொரு கழகமும் தெரிந்தெடுத்துச் சொல்லிக்கொண்டு வரும். மொத்தம் எழுபது பெயர்.

அதில் ஒன்று மகள் அனோஜினியாக இருந்தால், இருபத்து மூன்று வயதில் சம்பளத்துக்குக் கோல் காக்கலாம். இல்லாவிட்டால், திங்கட்கிழமை வழமைபோலச் சென்ட் லோரன்ட் மருந்துக் கொம்பனியில் பெட்டி அடுக்க வேண்டியதுதான்.

அனோஜினி பெருவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று டெலிபோன் அடித்தது. எல்லோரும் துள்ளி எழுந்தார்கள்; குசினிக்குள் நின்ற இருவரும் ஓடி வந்தார்கள். அனோஜினி பாய்ந்து எடுத்தாள்.

"பிள்ளை, நான் செல்வமலர் அன்ரி. என்ன மாதிரி, எடுத்திட்டாங்களோ?"

"இன்னும் இல்லை அன்ரி. பேந்து எடுக்கிறன்."

ஒன்பதாவது சுற்று. இல்லை.

பத்தாவது சுற்று. அறுபத்தாறு, அறுபத்தேழு, அறுபத்தெட்டு... அறுபத்தொன்பதாவது ஒரு கோல்கீப்பர். ஆனால் ஒஹாயோக்காரி.

"இன்னும் ஒண்டு கிடக்கு" என்றான் றொக்சன். செபமாலை உருளும் சத்தம் நின்றுபோனது.

திரையில் கடைசிப் பெயர் வந்தது. அவன் அதை வாசிக்கவில்லை. வாசிக்காததிலேயே எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

அனோஜினி எழுந்து தன் அறைப் பக்கம் நடந்தாள். அருமைநாதனுக்கு ஆத்திரத்தை எங்காவது கொட்டவேண்டும்போல இருந்தது. சோபாவில் இருந்தவர்தான் கண்ணில் பட்டார்.

"அண்ணை, படம் எடுக்க இஞ்சை ஒண்டும் இல்லை. நீங்கள் வெளிக்கிடுங்கோ."

றோஸ்மேரி திகைத்துப்போனாள். பேரின்பநாதனின் முகம் மட்டும் மாறவில்லை.

"வெளிக்கிடத்தான் போறன் தம்பி. அதுக்கு முதல் பிள்ளையை ஒருக்கா இஞ்சாலை வரச் சொல்லும்."

அனோஜினி திரும்பி வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. அவர் பொன்னாடையை உதறி விரித்தார்.

"அங்கிள்... என்னை எடுக்கேல்லை."

"தெரியும் பிள்ளை. நானும் பாத்துக்கொண்டுதானே இருந்தனான்."

பொன்னாடையை அவர் போர்த்தவில்லை. அருமைநாதனின் கையில் கொடுத்தார்.

"தகப்பன்தான் போர்த்த வேணும். போர்த்தும். இதையும் ரெண்டு பேருமாப் பிடியுங்கோ."

பைக்குள் இருந்து கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துமடல் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"வாங்கோ அண்ணை, நீங்களும் வந்து நில்லுங்கோ" என்றாள் றோஸ்மேரி.

"நான் நிண்டால் படத்தை ஆர் எடுக்கிறது?" என்று கமராவைக் கண்ணில் வைத்தார் அவர்.

படத்துக்காகச் சட்டத்தை நிமிர்த்தியபோதுதான் அருமைநாதன் அதில் இருந்ததை வாசித்தார்.

'எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், பெயர் கொடுக்கத் துணிந்த எங்கள் பிள்ளை அனோஜினிக்கு.'

கீழே அச்சடித்திருந்த திகதி, போன மாதத்தினுடையது.