நெற்றிப் பொட்டு

"ரெண்டு பேரும் குதிரையை விட்டுத் தள்ளி நில்லுங்க. யாரும் தொடக் கூடாது!"

லாயத்துக்குள் காலை வைத்ததுமே பந்தய மோசடித் தடுப்பு அதிகாரி அதட்டினார். பயிற்சியாளரின் கையிலிருந்த சேணம் நழுவி அவர் காலிலேயே விழுந்தது. பாவம், கத்தக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை. அவர் மனைவிதான் முன்னால் வந்தாள்.

"என்ன சார் இது? இன்னும் கொஞ்ச நேரத்துல ஓட்டம். இப்பப் போய் வந்து நிக்கிறீங்க?"

"ஓட்டம் முடிஞ்சப்புறம் வந்தா நீங்க இங்க இருப்பீங்களா? போன்ல புகார் வந்திருக்கு. இது புயலே இல்லையாம்மா. வேற குதிரையாம். நெத்திப் பொட்டு வெறும் சாயமாம்."

புயல் என்பது பேரளவில்தான். இதுவரை ஓடிய ஓட்டங்களில் எல்லாம் கடைசி. ஒருமுறை அதற்கும் சோம்பல்பட்டுப் பாதி வழியில் நின்று புல் மேய்ந்தது. இன்றும் கடைசியாக வந்தால் லாயத்தைக் காலி செய்துவிட வேண்டும் என்று மைதானத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

"பதிவுல என்ன இருக்கு? பழுப்பு உடம்பு, நெத்தியில வெள்ளைப் பொட்டு" என்றார் அதிகாரி. "பழுப்புக் குதிரைக்கா பஞ்சம்? நல்லா ஓடுற ஒண்ணைப் பிடிச்சு, நெத்தியில வெள்ளைச் சாயத்தை அப்பி, புயல்னு இறக்கிட்டீங்க. அதானே? புதுச் சட்டம் தெரியுமில்ல? ஆள் மாறாட்டம் மாதிரிதான் குதிரை மாறாட்டமும். ஜெயில்! லைசென்ஸ் இந்த ஜென்மத்துல திரும்பக் கிடைக்காது."

"சா... சார்..." பயிற்சியாளர் திருதிருவென்று முழித்தார்.

"பாருங்க, முழிக்கிற முழியே சரியில்ல!"

"அவர் எப்பவும் அப்படித்தான் சார். எங்க கல்யாண போட்டோவுலயும் இதே முழிதான்" என்றாள் மனைவி. "யாரோ வயித்தெரிச்சல்ல எதையோ சொன்னா, அதை நம்பி வந்துடுறதா? நல்லாப் பார்த்துக்குங்க. மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்?"

அதிகாரி பையிலிருந்து பஞ்சையும் மண்ணெண்ணெய் பாட்டிலையும் எடுத்தார். "இப்ப வெளுக்குது பாருங்க உங்க சாயம்!"

பொட்டின் மேல் பஞ்சை வைத்துத் தேய்த்தார். குதிரை அவர் முகத்திலேயே ஒரு தும்மல் போட்டது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி தேய்த்தார்.

"மெதுவா சார், அது கண்ணுல வழிஞ்சிடப் போகுது" என்றாள் மனைவி.

பொட்டு அசைந்து கொடுக்கவில்லை. முடியை விலக்கி வேர் வரைக்கும் பார்த்தார். வெள்ளையேதான். வந்த வேகமெல்லாம் வடிந்துபோக, எரிச்சலில் ஈரக் கையைக் குதிரையின் கழுத்தில் துடைக்கப் போனார்.

"ஐயோ, இந்தாங்க சார் துண்டு!" அவள் ஓடிவந்து நீட்டினாள். "இவ்வளவு பெரிய அதிகாரி குதிரை மேலயா கையைத் துடைக்கிறது?"

அந்த மரியாதையில் மனிதர் உருகிவிட்டார். "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. புகார்னு வந்தா பார்க்கணும், அதான் சட்டம். இனி இந்தக் குதிரையை எவன் சந்தேகப்பட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க தைரியமா ஓட்டுங்க."

அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பயிற்சியாளர் வைக்கோல் கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். "போன உயிர் இப்பத்தான் திரும்பி வந்துச்சு. எந்தப் பாவி அந்த போனைப் பண்ணானோ?"

"நான்தாங்க."

"நீயா? உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"எப்படியும் அவர் சோதனை போடத்தான் வருவாரு. எங்க தேய்க்கணும்னு நாமளே சொல்லிட்டா நல்லதில்லையா?" என்றபடி அவள் மூலையில் இருந்த பழுப்புச் சாய டப்பாவை எடுத்து வைக்கோலுக்குள் நன்றாக அமுக்கினாள். "இந்த வெள்ளைக் குதிரை உடம்புல நாம சாயம் பூசாம விட்டது அந்தப் பொட்டை மட்டும்தானே!"