கோபிஸுக்குள் பெய்யும் பனி

எசென் வில்லிழுத்து வாசிக்கும் கோபிஸ் என்ற நரம்பு வாத்தியத்தின் குடுவைக்குள், பழைய கோபிஸ்கள் எல்லாவற்றிலும் இருப்பதுபோல, ஒரு சிறு கண்ணாடி பதிக்கப்பட்டிருந்தது. கசாக் புல்வெளி காய்ந்து கிடக்கும் ஜூலையிலும் அந்தக் கண்ணாடியில் பனி பெய்தது. பனியில் ஒருத்தி முதுகைக் காட்டி நின்றாள். வாசிப்பு உச்சத்துக்குப் போனால் லேசாகத் திரும்புவாள். அந்தப் பாதி முகத்துக்காக, விரல் வெடித்து ரத்தம் வரும்வரை அவன் வாசித்தான். வெடிப்புகளுக்கு ஆட்டுக்கொழுப்பு தடவிவிடுபவள் மனைவி அக்மரால்.

"அந்தப் பனிக்காரி ஒரு வாய் டீயாவது போட்டுக் கொடுத்தாளா உங்களுக்கு?" என்றாள் அன்று காலை. கையில் துணிமூட்டை இருந்தது. "அந்தக் கண்ணாடியை உடைங்க. இல்லேன்னா நான் எங்கம்மா வீட்டுக்குக் கிளம்புறேன்."

எசென் யோசிக்கவில்லை. இறைச்சி வெட்டும் கோடரியை எடுத்து கண்ணாடிமேல் ஓங்கி ஒரே போடு போட்டான். கண்ணாடி இரண்டாகப் பிளந்தது. பின்னால் மூட்டை விழும் சத்தம் கேட்டது. அக்மராலின் நெற்றி உச்சியிலிருந்து புருவம்வரை பிளந்திருந்தது. அவளைத் தாங்கி, இரு கைகளாலும் காயத்தைப் பொத்தினான். ரத்தம் சில்லென்றிருந்தது.

அவள் கண் திறந்தாள். எழுந்து, கூந்தலில் இருந்த பனியைத் தட்டிவிட்டாள்.

"வேற கண்ணாடி வச்சுக்கோ," என்றாள், கொழுப்புக் கிண்ணத்தைக் காலால் ஒதுக்கி. "வாசி."

தரையில் கிடந்த இரண்டு துண்டுகளுக்குள்ளும், பெய்யும் பனியில் நின்று, அக்மரால் உள்ளிருந்து கண்ணாடியைக் கைகளால் குத்திக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை.