கண்ணாடிக்கு வெளியே ஒரு சிரிப்பு

"உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? அங்க ஒரு பொண்ணு தேம்பித் தேம்பி அழுறா, நீ சிரிக்கிற!"

வீல்சேர் டாக்டர் மனைவியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக் கடிந்துகொண்டார். அவளுக்குக் காது கேட்காது, பேச்செல்லாம் கையால்தான். ஏதோ சொல்லக் கையைத் தூக்கினாள்.

"போதும், மானம் போகுது" என்று அந்தக் கையைக் கீழே இறக்கிவிட்டு, மறுபடி கண்ணாடியைப் பார்த்தார்.

எல்லாம் புதுச் சட்டத்தின் கைங்கரியம். அரசு மானியம் கொடுப்பதை மக்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்லிவிட்டது. உடனே அலுவலகச் சுவரை இடித்துக் கண்ணாடி வைத்தார்கள். ஏசி வீணாகிவிடக் கூடாதென்று நல்ல கனமான கண்ணாடி. உள்ளே நடப்பது பளிச்சென்று தெரியும். ஒரு வார்த்தை கேட்காது. காதால் கேட்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லையே! கடைசியில் வெளியே நிற்பவர்கள் கை தூக்குவார்கள். யாருக்கு அதிகக் கையோ, மானியம் அவருக்கு.

மிஞ்சியவை இரண்டே மனுக்கள். ஒன்று டாக்டருடையது. நிஜ டாக்டர் இல்லை. உடைந்த வீல்சேர்களை இலவசமாகப் பழுதுபார்த்துக் கொடுப்பவர். அவர் வேலை பார்க்கும் வாடகை ஷெட்டை அதன் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். மானியம் வராவிட்டால் சக்கரமெல்லாம் தெருவில்தான்.

இன்னொன்று, நாய்களுக்கான தியான மையம். மனு போட்டவள், மனுக்களை விசாரிக்கும் மானியக் குழுவின் தலைவிக்குச் சொந்தத் தங்கை.

"அக்கா தலைவி, தங்கச்சிக்கு மானியம். கதை முடிஞ்சுது!" என்றுதான் கூட்டம் முதலில் முணுமுணுத்தது.

உள்ளே நடந்ததோ வேறு. தலைவி மேஜையைத் தட்டினார். விரலை நீட்டி, கண்ணை உருட்டி, ஏதேதோ கத்தினார். தங்கை கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. மற்ற உறுப்பினர்கள் வாயைப் பொத்திக்கொண்டு தலை குனிந்தார்கள்.

"கூடப் பொறந்தவளாச்சேன்னுகூட பாக்காம கிழிக்கிறாங்கப்பா!"

"நேர்மைன்னா இதுதான்யா."

"அதுக்காக இப்படியா? பாவம், அந்தப் பொண்ணு."

டாக்டரின் மனைவி மறுபடி சிரித்தாள்.

"காது கேக்காதவங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது?" என்றார் பக்கத்தில் நின்ற மளிகைக் கடைக்காரர், கண்ணைத் துடைத்தபடி.

அவள் கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் திரும்பவே இல்லை.

குமாஸ்தா வெளியே வந்தார். "தியான மையத்துக்கு யார் யார்? கை தூக்குங்க!"

கைகள் மளமளவென்று எழுந்தன. டாக்டருக்கும் மனசு கேட்கவில்லை. ஷெட்டு என்ன பெரிய ஷெட்டு, ஒரு பெண்ணின் கண்ணீருக்கு முன்னால்? அவரும் கையைத் தூக்கிவிட்டார். மனைவி எம்பி எம்பி அதைக் கீழே இழுத்துப் பார்த்தாள், முடியவில்லை.

நாய்கள் ஜெயித்தன. ஒரே ஒரு கை வித்தியாசத்தில்.

கூட்டம் கலைந்தது. டாக்டர் படியில் உட்கார்ந்துவிட்டார். மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"சரி, சொல்லு. அப்படி என்னதான் சிரிப்பு?"

அவள் விரல்கள் நிதானமாகப் பேசின.

"அந்தம்மா திட்டவே இல்லைங்க. வாயைப் பார்த்தேன். 'கடுகு கால் கிலோ, சோப்பு நாலு, நாய்க்கு பிஸ்கட்'னு மளிகைச் சாமான் சொல்லிட்டிருந்தாங்க. நடுநடுவில, 'முகத்தை நல்லா மூடிக்கோடி, வெளியே தெரிஞ்சா மானியம் போச்சு'ன்னாங்க."

"என்ன தெரிஞ்சா?"

"அவளும் சிரிச்சிட்டிருந்ததுதான்."