சர்வேயர் சுப்புராயனின் கேம்ப்

"ஏங்க, கல்கண்டு கரைச்ச மாதிரி தண்ணி ஊறுதும்பீங்களே, அந்த ஊத்து எந்தப் பக்கம்?"

இடுப்பில் குடத்தோடு நின்று பச்சையம்மாள் கேட்டதும், கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டிருந்த சுப்புராயன் தன் கட்டைவிரலிலேயே ஒரு போடு போட்டுக்கொண்டார்.

"அது... அதோ, அந்தாண்ட" என்று கையை வீசினார். கல்வராயன் மலையில் பாதி அந்த வீச்சுக்குள் அடங்கும்.

"சரி, நானே தேடிக்கினு வரேன்" என்று போனவள், அவர் விரலை ஊதி முடிப்பதற்குள் நிறைகுடத்தோடு வந்துவிட்டாள். கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டார் மனுஷன்.

அவர் சர்வேயர். ஓய்வு பெற இன்னும் ஒரு மாதம்தான். "ரிட்டயர் ஆனதும் கள்ளக்குறிச்சி வூட்ட வித்துட்டு உங்க மலைக்கே போயிடலாங்க. நீங்க கேம்ப் போய் வந்து சொல்லச் சொல்ல எனக்கும் ஆசையா இருக்குது. மொதல்ல ரெண்டு நாளு கூடாரம் போட்டு, பென்ஷன் வாழ்க்கைய ருசி பாத்துட்டு வருவோம்" என்று பச்சையம்மாள் பிடித்த பிடியில்தான் இந்தப் பயணம்.

அவரும் சொல்லாத சாக்கு இல்லை. யானை வரும் என்றார். "இந்த மலையில ஏதுங்க யானை?" என்றாள். இட ஒதுக்கீட்டுப் போராட்ட நேரம், மறியல் வந்தால் பஸ் நின்றுவிடும் என்றார். "நின்னா இன்னா? கூட நாலு நாளு இருந்துட்டு வருவோம்" என்றாள்.

அவர் கவலை அவருக்கு. இருபது வருஷமாக மலை கேம்ப் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய சுப்புராயன், ஒருநாள்கூட இந்த மலையில் கால் வைத்ததில்லை! திருக்கோவிலூரில் ஒரு சிநேகிதர் வீட்டு மாடியில் சீட்டுக் கச்சேரி. அதுதான் அவர் கேம்ப். மலையேறிச் சங்கிலி பிடித்து அளந்ததெல்லாம் செயின்மேன் முனியன். முனியன் வந்து சொல்கிற கதைக்குக் கை கால் முளைக்கவைத்து, இவர் வீட்டில் அவிழ்த்துவிடுவார். கரியன் என்கிற மலைக்காரரைக் கரடி வாயிலிருந்து இவர்தான் காப்பாற்றினாராம்! கரியன் இவரைச் சாமி மாதிரி கும்பிடுகிறாராம்!

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடையது ரிட்டயர்மென்ட் வரைக்கும் ஓடி வந்துவிட்டது. கடைசி நேரத்தில் குட்டு உடைந்தால் பென்ஷன் காலம் பூராவும் பச்சையம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது? காலையில் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்து, முதல் பஸ்ஸில் இறங்கிவிட வேண்டியதுதான். அதுவரை எந்த மலைக்காரர் கண்ணிலும் படக்கூடாது.

சாயங்காலம் காற்று அடித்ததில் கூடாரம் அவர் தலைமேலேயே சரிந்தது. பச்சையம்மாள்தான் கயிற்றை இழுத்துக் கட்டி நிறுத்தினாள். ஈர விறகிலும் ஊதி ஊதி அடுப்பைப் பற்றவைத்தாள். அவருக்கு அதைக் கவனிக்கிற நிலைமை இல்லை.

விடிந்ததும் "வயிறு..." என்று அவர் வாயெடுப்பதற்குள், பாதையில் போன ஒருவர் குரல் கொடுத்தார். "பஸ்ஸுக்கு நிக்காதீங்க! கீழ மறியலாம். ரோடு பூரா மரத்த வெட்டிப் போட்டுக்கிறாங்க. எப்ப பஸ்ஸு வுடுவாங்கன்னு தெரியாது!"

சுப்புராயன் வயிற்றில் வைத்த கையை மெல்ல எடுத்துவிட்டார்.

"அரிசி கம்மியாத்தான் இருக்குது. இருந்தா இன்னா, உங்க கரியன் இருக்காரே!" என்றாள் பச்சையம்மாள். "உசுர காப்பாத்தின மனுஷன் வந்து நின்னா ஒரு வாய் களி போட மாட்டாரா? வழி காட்டுங்க, போலாம்."

"அவரு வூட்ல இருக்க மாட்டாரு."

"அவரு பொண்டாட்டி இருப்பாங்க இல்ல?"

கண்ணில் பட்ட ஒரு தடத்தில் அவர் இறங்கினார். "அது பள்ளத்துக்குப் போவும் போலக்குது. இப்படிப் போவமா?" என்று அவள் வேறு தடத்தில் திருப்பிவிட்டாள். அந்தக் கரியன் செத்துப் போயிருந்தால்கூடத் தேவலை என்று நினைத்தார் சுப்புராயன். நினைத்த உடனே 'முருகா, முருகா' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சாமைக் கொல்லை ஓரத்தில் ஒரு குடிசை. வாசலில் தானியம் புடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். இனித் தப்ப முடியாது, நாமே முந்திக்கொள்வோம் என்று சுப்புராயன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"இன்னாம்மா, சௌக்கியமா? சர்வேயர் வந்துக்கிறேன். மறந்துட்டியா?"

அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள். பிறகு அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தவள், முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"பச்சையக்கா! இன்னாக்கா இந்தத் தபா இவ்ளோ நாளாக்கிட்ட? நீ வெதச்ச சாமை கதிரு வுட்டுடுச்சு, வந்து பாரு!"

சுப்புராயனின் சிரித்த வாய் சிரித்தபடியே நின்றது. பச்சையம்மாள் பையிலிருந்து அவருடைய பழைய மங்கி குல்லாவை எடுத்தாள்.

"ஒருதபா இத மறந்து வெச்சிட்டு கேம்ப் போயிட்டீங்க. குளுருல வெறச்சிடுவீங்களேன்னு எடுத்துக்கினு பின்னாலயே வந்தேன். முனியன் மட்டுந்தான் இருந்தாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல! அப்புறம் கரியன் பொண்டாட்டி, இந்தப் பொன்னாயிதான் உக்கார வெச்சி களி போட்டா. ஊரும் புடிச்சிப் போச்சு. அன்னியிலேருந்து நீங்க கேம்ப் போனா, அடுத்த பஸ்ஸுல நானும் கேம்ப்!"

பொன்னாயி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருக்கா இவரு?"

"எங்க வூட்டுக்காரரு" என்று குல்லாவை அவர் தலையில் மாட்டிவிட்டாள் பச்சையம்மாள். "பாவம், மலைக்குப் புதுசு."