மேல்வீட்டு ஏசி

வெள்ளவத்தையில் வெளிநாட்டுக்காரருக்கு நாள் வாடகைக்கு விடும் மேல்வீட்டில் ஏசி நின்றுபோனதிலிருந்து, கனடாவிலிருந்து வந்து தங்கியிருந்த ரகுநாதன் வீட்டுக்காரி பவளராணியின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தான்.

“இது அறையோ, பாண் சுடுற போறணையோ அன்ரி? பின்னேரம் தங்கச்சியைப் பார்க்க மாப்பிள்ளை பகுதி வருகினம். என்னைப்போலை ஒரு பேங்க் மனேஜர் அவையளுக்கு முன்னாலை வேர்த்து ஒழுகிக்கொண்டோ இருக்கிறது?”

“மெக்கானிக்கைச் செக்பொயின்ரிலை மறிச்சு வைச்சிருக்கிறாங்கள், தம்பி. நான் என்ன செய்ய?”

“கனடாவிலை எண்டால் உங்களைக் கோட்டுக்கு இழுத்திருப்பன்!”

பவளராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘இவனுக்கும் இவன்ரை கனடாவுக்கும்’ என்று முணுமுணுத்தபடி, பக்கத்து வீட்டில் மின்விசிறியை இரவல் வாங்கிக்கொண்டு படியேறினாள்.

கதவைத் திறந்ததும் குளிர்காற்று முகத்தில் அடித்தது.

ரகுநாதன் பெனியனோடு கதிரையில் ஏறி நின்று, ஏசியின் மூடியை வெண்ணெய்க் கத்தியால் முறுக்கிப் பூட்டிக்கொண்டிருந்தான். கையெல்லாம் கரி.

அவளைக் கண்டதும் அவன் முகம் வெளிறியது.

“அங்கையும் எனக்கு இதுதான் வேலை, அன்ரி. மாப்பிள்ளை பகுதிக்குத்தான் மனேஜர் எண்டு சொல்லியிருக்கு. தங்கச்சியின்ரை வாழ்க்கை...”

படியில் காலடிகள் கேட்டன. அவன் குதித்து இறங்கிச் சேர்ட்டையும் கோட்டையும் மாட்டினான். கரிக்கைகளைக் காற்சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, வருகிறவர்களுக்குக் கேட்கக் கத்தினான்.

“ஒரு ஏசியைத் திருத்த இவ்வளவு நேரமோ?”

கண்கள் மட்டும் அவளைக் கெஞ்சின.

பவளராணி மின்விசிறியைக் கீழே வைத்தாள்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ, மனேஜர் தம்பி. பிழை எங்கடைதான்.”